எஸ்பிளனேடுக்கு முதல்முறை போகிறீர்களா? டிக்கெட், செலவு, நேரம், குழந்தை: தடுமாறிக் கற்றுக்கொண்டவை

சிங்கப்பூருக்கு வந்த முதல் இரண்டு வருடமும் எஸ்பிளனேட் என்ற கலையரங்க வளாகம் எனக்குப் படம் எடுக்கும் இடமாக மட்டும்தான் இருந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் மெர்லயன் சிலைப் பக்கம் நிறுத்தி, தண்ணீருக்கு அப்பால் டுரியான் பழம்போல் முள்முள்ளாகத் தெரியும் அந்த இரண்டு கூரைகளையும் சேர்த்து ஒரு படம். அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது, யார் போகலாம், எவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் அம்மா மாயவரத்திலிருந்து வந்தபோது, ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சிக்கு ஆசைப்பட்டு நான்கு டிக்கெட் வாங்கினேன். எஸ்பிளனேட் இல்லை, வேறோர் அரங்கம். வாசலில் நின்றவர் எங்கள் பதினான்கு மாதக் குழந்தையைப் பார்த்துவிட்டு, கைக்குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று பணிவாகச் சொன்னார். டிக்கெட் பக்கத்திலேயே அது எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை. அம்மா, "நீங்க போங்கம்மா, நான் பிள்ளைய வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் குழந்தையோடு வெளியே நடந்தார். யாருக்காக அந்த டிக்கெட்டை வாங்கினேனோ அவர் பார்க்கவே இல்லை. அந்த மாலையை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு எஸ்பிளனேடுக்கு எத்தனையோ முறை போய்விட்டேன். வேலைக்காகப் புதிதாக வந்தவர்கள், பெற்றோரை வரவழைத்திருப்பவர்கள், சிறு குழந்தை வைத்திருப்பவர்கள் ஆகியோரை நினைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதல் தடவை டிக்கெட் வாங்காமல் போங்கள்

எஸ்பிளனேட் வழங்கும் நிகழ்ச்சிகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு இலவசம். நம்மில் பலருக்கு இது தெரிவதே இல்லை. மேடைகள் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீர்முகப்பை ஒட்டியுள்ள திறந்தவெளி அரங்கு. இன்னொன்று, கட்டடத்துக்குள் நுழைந்ததும் வரும் கான்கோர்ஸ் என்ற கூடம். வார இறுதி மாலைகளில் இந்த இரண்டில் ஒன்றிலாவது பெரும்பாலும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். முழுநீளக் கச்சேரியை எதிர்பார்க்காதீர்கள். அரை மணி, முக்கால் மணி நேரத் துண்டுகளாக, ஒரே மாலையில் இரண்டு மூன்று முறை வைப்பார்கள். முதல் சுற்றைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் பிடிக்கலாம்.

டிக்கெட் இல்லை, பதிவு இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை. எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்தவர் கண்ணாடிக் கதவு வரை வந்து நின்றுவிட்டார். "அக்கா, நம்மள உள்ள விடுவாங்களா? பெர்மிட்ட எடுத்துக் கையில வெச்சுக்கவா?" என்றார். அவர் மூன்று வருடமாக இந்த ஊரில் இருப்பவர். அன்று கான்கோர்ஸில் ஒருவர் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார். தம்பி கடைசி வரை நின்று கேட்டார். இப்போது அவர் தன் அறை நண்பர்களைக் கூட்டிக்கொண்டு தானாகவே போகிறார். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அதே தயக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது எல்லோருக்குமான கூடம்.

இந்த முதல் தடவையிலேயே கட்டடத்தைப் பழகிக்கொள்ளுங்கள். மின்தூக்கி எங்கே, கழிப்பறை எங்கே, பெரிய அரங்குகளின் வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். மாடியில் இருக்கும் கூரைத் தோட்டத்துக்கும் ஏறிப் பாருங்கள், அங்கிருந்து மரினா பே முழுக்கத் தெரியும். டிக்கெட் வாங்கி வரும் நாளில் இந்தப் பழக்கம் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். அந்தப் பத்து நிமிடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2. எந்தக் கட்டடம், எந்த அரங்கு என்று இரண்டு முறை படியுங்கள்

எஸ்பிளனேட் என்பது ஒரே அரங்கு இல்லை. இசைக்கான கான்சர்ட் ஹாலில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். நாடகம், நடனத்துக்கான தியேட்டரில் ஏறக்குறைய 2,000 இருக்கைகள். இவை இரண்டும்தான் அந்த இரண்டு முள் கூரைகளுக்கு அடியில் இருப்பவை. இவை போக 245 பேருக்கான ரிசைட்டல் ஸ்டூடியோ, 220 பேருக்கான தியேட்டர் ஸ்டூடியோ, 2022இல் நீர்முகப்பில் திறந்த 550 இருக்கைகள் கொண்ட சிங்டெல் வாட்டர்ஃபிரண்ட் தியேட்டர் எல்லாம் உண்டு. டிக்கெட்டில் "தியேட்டர்" என்று இருப்பதும் "தியேட்டர் ஸ்டூடியோ" என்று இருப்பதும் வெவ்வேறு வாசல்கள். அவசரத்தில் பாதிப் பெயரை மட்டும் படித்துவிட்டுத் தவறான வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

இதைவிடப் பெரிய குழப்பம் விக்டோரியா தியேட்டரும் விக்டோரியா கான்சர்ட் ஹாலும். அவை எம்ப்ரஸ் பிளேஸில், ஆற்றோரமாக, மணிக்கூண்டு உள்ள பழைய வெள்ளைக் கட்டடத்தில் இருப்பவை. சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு இரண்டு இடத்திலும் வாசிக்கிறது. "கான்சர்ட் ஹால்" என்பதை மட்டும் பார்த்து எஸ்பிளனேடுக்கு வந்துவிட்டு, அப்புறம் சாலையைத் தாண்டி ஓடுவது நடக்கிற கதைதான். எஸ்பிளனேட் பார்க் என்று ஒரு பூங்காவும் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டாக்சி செயலியில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பூங்காவை அமுக்கிவிடாதீர்கள். சென்னைக்காரர்களுக்கு எஸ்பிளனேட் என்றால் பாரிமுனைப் பக்கம்தான் நினைவுக்கு வரும். என் அப்பா அலைபேசியில், "ஐகோர்ட் கிட்டயா?" என்றுதான் கேட்டார்.

3. டிக்கெட் வாங்குவது: எங்கே, எப்போது, எவ்வளவு

எஸ்பிளனேடின் சொந்த இணையதளத்தில் அந்த நிகழ்ச்சிக்கென்று உள்ள பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வேறு அமைப்பாளர் அரங்கை வாடகைக்கு எடுத்து நடத்தும் நிகழ்ச்சி என்றால், எந்த டிக்கெட் தளம் விற்கிறது என்று அங்கேயே இணைப்பு இருக்கும். தேடுபொறியில் நிகழ்ச்சியின் பெயரைத் தட்டி, மேலே வரும் முதல் இணைப்பை அமுக்காதீர்கள். மேலே வருவது பல சமயம் விளம்பரம். மறுவிற்பனைத் தளங்கள் இரண்டு மடங்கு விலையை உண்மை விலைபோலக் காட்டும்.

அதைவிட மோசமானது, "எனக்கு வர முடியவில்லை, டிக்கெட் இருக்கிறது" என்று அந்நியர்கள் செய்தி அனுப்பி விற்பது. ஒரே கியூஆர் குறியீட்டை நாலைந்து பேருக்கு விற்றுவிடுவார்கள். முதலில் வாசலில் காட்டுபவர் உள்ளே போவார், மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். என் தோழி இப்படி 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இழந்தார். தெரிந்தவரிடமிருந்து தவிர வேறு யாரிடமும் வாங்காதீர்கள். ஏமாந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மோசடி பற்றி ஆலோசனை சொல்வதற்கென்றே உள்ள எண் அது.

செலவு. நான் சின்ன ஸ்டூடியோக்களில் பார்த்த கர்நாடக இசை நிகழ்ச்சிகளுக்கு 25 முதல் 40 வெள்ளி கொடுத்திருக்கிறேன். பெரிய அரங்கில் பேர்பெற்ற கலைஞர் என்றால் நூறைத் தாண்டுவது சாதாரணம். காட்டும் விலைக்கு மேல் டிக்கெட் ஒன்றுக்குச் சில வெள்ளி முன்பதிவுக் கட்டணம் சேரலாம். நான்கு பேர் என்றால் அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அதனால் கடைசித் திரையில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்தபிறகு மட்டும் பணம் கட்டுங்கள். வாங்கிய டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, தேதி மாற்றவும் முடியாது. நிகழ்ச்சியே ரத்தானால்தான் பணம் திரும்ப வரும். உங்களால் போக முடியாவிட்டால் மின்டிக்கெட்டை நண்பருக்கு அனுப்பிவிடுங்கள், வீணாக்காதீர்கள்.

மாணவர்கள், முழுநேரத் தேசிய சேவையாளர்கள், மூத்தோர் ஆகியோருக்குச் சலுகை விலை பல நிகழ்ச்சிகளில் உண்டு. எண்ணிக்கை குறைவு, முதல் சில நாட்களிலேயே போய்விடும். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு மூத்தோர் சலுகை கிடைக்குமா என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். அந்த வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எஸ்ஜி கல்ச்சர் பாஸ் பற்றிப் புதியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ உள்ள சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 100 வெள்ளி மதிப்புள்ள சலுகைத் தொகை கொடுத்திருக்கிறார்கள். 2028 டிசம்பர் 31 வரை உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தலாம். நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் அது இல்லை. வீட்டில் ஒருவர் குடிமகனாக இருந்தால் அவர் அந்தத் தொகையைப் பயன்படுத்தித் தம் டிக்கெட்டை வாங்கட்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் கலைஞரின் கச்சேரிக்குச் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எப்போது வாங்குவது? நம்மவர்களுக்கு முக்கியமானது நவம்பரில் நடக்கும் கலா உற்சவம். இந்தியக் கலைகளுக்கென்று எஸ்பிளனேட் ஆண்டுதோறும் நடத்தும் விழா. பேர்பெற்றவர்களின் நிகழ்ச்சிகள் விரைவில் விற்றுத் தீர்ந்துவிடும். விழாவுக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வாரம் ஒருமுறை இணையதளத்தைப் பாருங்கள். அந்த நாட்களில் கான்கோர்ஸிலும் திறந்தவெளியிலும் இலவச நிகழ்ச்சிகளும் நடக்கும். அதனால் டிக்கெட் கிடைக்கவில்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். கலா உற்சவம் தவிர, "ராகா" என்ற பெயரில் செவ்வியல் இசை வரிசை ஒன்றும் உண்டு. கூட்டம் குறைவு, மேடைக்குப் பக்கத்தில் உட்காரலாம். என் கணக்கில் அதுதான் எஸ்பிளனேடில் கொடுத்த காசுக்கு நிறையத் தரும் நிகழ்ச்சி.

பெற்றோர் ஊரிலிருந்து வரப்போகிறார்கள் என்றால் விசா கையில் வந்தபிறகு டிக்கெட் வாங்குங்கள். இந்தியக் கடப்பிதழுக்கு விசா தேவை. விண்ணப்பக் கட்டணமான 30 வெள்ளியும் திரும்ப வராது. எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை விமானம் வந்திறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தின் தளம் இல்லை.

4. இருக்கையைத் தேர்ந்தெடுப்பது

இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். விலை அதிகமான இருக்கை நல்ல இருக்கை என்ற கணக்கு எல்லா நிகழ்ச்சிக்கும் பொருந்தாது.

பரதநாட்டியமோ குச்சிப்புடியோ என்றால் பாதம் தெரிய வேண்டும். முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்தால் மேடை விளிம்பு மறைத்துவிடும், அடவு பார்க்க முடியாது. முகபாவம் தெரியவேண்டும் என்று முன்னால் வாங்கிவிட்டு, கால் வேலை முழுவதையும் இழந்தவள் நான். தரைத்தளத்தில் ஏழு எட்டாவது வரிசைக்குப் பின்னால், நடுவில் எடுங்கள். அதற்குக் காசு போதவில்லை என்றால் ஓரத்து இருக்கையைவிட முதல் மேல்தளத்தின் நடு இருக்கை நல்லது. மேலிருந்து பார்த்தால் மேடையில் போடும் கோலம் முழுக்கத் தெரியும்.

பாட்டுக் கச்சேரி என்றால் நேர்மாறு. கான்சர்ட் ஹாலின் ஒலியமைப்பு உலக அளவில் பேசப்படுவது. கூரையிலிருந்து தொங்கும் ஒலிப்பலகைகளை நிகழ்ச்சிக்கு ஏற்ப ஏற்றி இறக்குவார்கள். பின்னால் உட்கார்ந்தாலும் கேட்கிறது. சிம்ஃபனி கேட்கப் போகிறீர்கள் என்றால் விலை குறைந்த மேல்தள இருக்கையைத் தயங்காமல் எடுங்கள். மேடைக்குப் பின்னால் பாடகர் குழுவுக்கென்று உள்ள இருக்கைகளையும் சில கச்சேரிகளுக்கு விற்பார்கள். இசை நடத்துநரின் முகத்தை நேராகப் பார்க்கலாம் என்பதால் எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

"சர்க்கிள்" என்று போட்டிருந்தால் அது மேல்தளம். எண் கூடக்கூட உயரமும் படிகளின் சரிவும் கூடும். மூட்டு வலி உள்ளவர்களை, தலைசுற்றல் உள்ளவர்களை அங்கே ஏற்றாதீர்கள். என் மாமியார் மூன்றாவது தளத்தில் கைப்பிடியைப் பிடித்தபடியே முழு நிகழ்ச்சியும் உட்கார்ந்திருந்தார். தளம் வரை மின்தூக்கி போகும், அதற்குப்பின் இருக்கைக்குப் படி இறங்கித்தான் ஆகவேண்டும். சக்கர நாற்காலிக்கான இடங்கள் தனியாக உண்டு, அதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். "பார்வை மறைக்கப்படும்" என்ற குறிப்பு உள்ள இருக்கைகள் மலிவாக இருக்கும். நாடகத்துக்கும் நடனத்துக்கும் வேண்டவே வேண்டாம்.

5. குழந்தை இருக்கிறதா? இந்த ஒரு பகுதியை மட்டுமாவது படியுங்கள்

நம் ஊர் சபாக்களில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கச்சேரி கேட்கலாம். அழுதால் வெளியே தூக்கிப் போய்விட்டு வரலாம். அந்தப் பழக்கத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இங்கே டிக்கெட் உள்ள பெரும்பாலான நிகழ்ச்சிகளில் கைக்குழந்தைக்கு அனுமதி இல்லை. மேற்கத்திய செவ்வியல் கச்சேரிகளில் 6 வயது வரம்பு வழக்கம். அனுமதி உள்ள வயது என்றாலும், மடியில் உட்காரவைக்கிறேன் என்ற பேச்சுக்கு இடமில்லை. குழந்தைக்கும் முழு டிக்கெட் வேண்டும்.

வயது எல்லை தவிர, உள்ளடக்க வகைப்பாடும் இருக்கும். பொது, பெற்றோர் கவனத்துக்கு, 16 வயதுக்கு மேல் பரிந்துரை, ஆர்18 என்று எழுதியிருப்பார்கள். ஆர்18 என்றால் வாசலில் வயதுச் சான்று கேட்பார்கள்.

அப்படியானால் குழந்தையோடு எங்கே போவது? இலவச மேடைகளுக்குப் போங்கள். திறந்தவெளியில் குழந்தை ஓடலாம், அழலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. பாட்டுக் கேட்டு அங்கேயே ஆடும் குழந்தைகள் நிறைய. டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போக ஆசையென்றால், சிறுவர்களுக்கென்றே நடத்தும் "பிளேடைம்" நாடகங்களையும் மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் வரும் "மார்ச் ஆன்" விழாவையும் பாருங்கள். எத்தனை வயதுக்கானது என்று ஒவ்வொன்றிலும் போட்டிருக்கும். என் மகள் முதல் நாடகத்தை அங்கேதான் பார்த்தாள்.

பெற்றோர் மட்டும் போகிறார்கள், குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள் என்றால் பகல் நேர நிகழ்ச்சிகளைத் தேடுங்கள். "காஃபி மார்னிங் அண்ட் ஆஃப்டர்னூன் டீ" என்ற வரிசை மூத்தோரை மனத்தில் வைத்து நடத்துவது. ராத்திரி ரயில் பிடிக்கும் கவலை இல்லை.

6. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

மின்டிக்கெட்டை அலைபேசியில் படமாகச் சேமித்து வையுங்கள். மின்னஞ்சலைத் திறந்து தேடிக்கொண்டிருந்தால் வாசலில் பின்னால் வரிசை நிற்கும். ஊரிலிருந்து வந்தவர்களின் அலைபேசியில் இணையம் இருக்காது, அதனால் எல்லாருடைய டிக்கெட்டும் உங்கள் அலைபேசியிலேயே இருக்கட்டும். மின்கலம் முழுவதாக இருக்கட்டும்.

சலுகை விலையில் வாங்கியிருந்தால் அதற்கான அட்டையின் அசல் வேண்டும், அதாவது மாணவர் அட்டை, அடையாள அட்டை, ஊர்ப் பெற்றோருக்குக் கடப்பிதழ். காட்டாவிட்டால் விலை வித்தியாசத்தைக் கட்டச் சொல்லலாம். சாதாரண டிக்கெட்டுக்கு அடையாள அட்டை தேவைப்படுவதில்லை. ஆனாலும் முகப்பில் டிக்கெட்டை அச்சாக எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் பணம் கட்டிய வங்கி அட்டையும் முன்பதிவு எண்ணும் கையில் இருக்கட்டும்.

பெரிய பை, பயணப் பெட்டி வேண்டாம். விமான நிலையத்திலிருந்து நேரே வரும் திட்டம் போடாதீர்கள். ஒரு சால்வையோ மெல்லிய ஸ்வெட்டரோ கட்டாயம். உள்ளே குளிர் நம் உடம்புக்கு அதிகம். அம்மா மாதிரி வயதானவர்களுக்குக் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. போய்ச் சேரும் வழி

ரயில்தான் நல்ல வழி. வட்டப் பாதையில் (சர்க்கிள் லைன்) எஸ்பிளனேட் என்றே நிலையம் இருக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்து, இறங்கியதும் அரங்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பலகையைப் பார்த்து ஏழெட்டு நிமிடம் நடக்க வேண்டும். யீஷூன், உட்லண்ட்ஸ், ஜூரோங், தெம்பனிஸ் பக்கமிருந்து வருபவர்களுக்குச் சிட்டி ஹால் நிலையம் வசதி. வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்குப் பாதைகள் இரண்டும் அங்கே நிற்கும். அங்கிருந்து சிட்டிலிங்க் மால் என்ற நிலத்தடிக் கடைத்தொகுதி வழியாக நடந்தால் எஸ்பிளனேடுக்கே கொண்டுபோய் விடும். பத்து நிமிடம், வயதானவர்களுக்குப் பதினைந்து. மழையிலும் நனைய வேண்டாம்.

தேக்காவிலிருந்து வருகிறீர்களா? லிட்டில் இந்தியாவில் ஏறி, அடுத்த நிலையமான தோபி காட்டில் மாறி, வட்டப் பாதையில் இரண்டாவது நிலையம். முன்பின்னாக அரை மணி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் ஒருவருக்கு ஒரு வழிக்கு மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும். 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குப் பெரியவரோடு வந்தால் கட்டணம் இல்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் தங்கள் வங்கி அட்டையையே தட்டிப் போகலாம். ஆனால் வெளிநாட்டு அட்டைக்குத் தனியாக ஒரு கட்டணம் சேரும். பல நாள் தங்குபவர்களுக்கு ஈஸிலிங்க் பயண அட்டை ஒன்று வாங்கிக் கொடுப்பது நல்லது. ஒருவர் அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. ரயிலுக்குள் தண்ணீர் குடிப்பதுகூடக் குற்றம். 500 வெள்ளி வரை அபராதம் என்பதை வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாலை வழியாக வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபார்முலா 1 பந்தயம் நடக்கும் வாரத்தில் எஸ்பிளனேடைச் சுற்றியுள்ள சாலைகளே பந்தயப் பாதை. தேசிய தின ஒத்திகை அந்தப் பக்கம் நடக்கும் சனிக்கிழமைகளிலும், ஆண்டுக் கடைசி இரவிலும் அந்த வட்டாரச் சாலைகளை மூடுவார்கள். அந்த நாட்களில் டாக்சியில் ஏறினால் மீட்டர் ஓடும், வண்டி ஓடாது. நிலத்தடி வழிதான்.

8. அன்றைய மாலையை எப்படிப் பிரித்துக்கொள்வது

நிகழ்ச்சி 7.30க்கு என்று வைத்துக்கொள்வோம். 7.10க்கு நீங்கள் உங்கள் அரங்கின் வாசலில் இருக்க வேண்டும், கட்டடத்தின் வாசலில் இல்லை. கதவு நேரத்துக்கு மூடிவிடும். தாமதமாக வந்தால் இடையில் தகுந்த இடைவெளி வரும்போதுதான் உள்ளே விடுவார்கள். அது இருபது நிமிடம் கழித்தும் இருக்கலாம். இடைவெளியே இல்லாத நிகழ்ச்சி என்றால் விடாமலும் போகலாம். "ரெண்டு நிமிஷம்தானே" என்று கெஞ்சுவதால் பயன் இல்லை. முதலில் சொன்னேனே பத்து நிமிடம், அது இதற்குத்தான்.

ஆகவே சாப்பாட்டை 6.30க்குள் முடித்துவிடுங்கள். கட்டடத்தை ஒட்டித் திறந்தவெளியில் மக்கான்சூத்ரா கிளட்டன்ஸ் பே என்ற உணவங்காடி மாலையில் இயங்கும். சாத்தே, நண்டு என்று சாப்பிடுபவர்களுக்கு நல்ல இடம். வார இறுதியில் மேசை கிடைப்பது கடினம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பக்கத்தில் தேர்வு குறைவு. அம்மாவை அழைத்துப்போகும் நாட்களில் நாங்கள் தேக்காவிலேயே ஐந்தரை மணிக்குத் தோசை சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுகிறோம். காசும் குறைவு, வயிறும் நிறைவு. அரங்குக்குள் சாப்பாடு, குடிபானம் எதுவும் கொண்டுபோக முடியாது.

உடை விஷயத்தில் கெடுபிடி இல்லை. சேலை, வேட்டி, ஜீன்ஸ் எல்லாம் வருகிறார்கள். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் பெரிய அரங்குகளுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம், இலவச மேடைக்கு எப்படியும் வரலாம்.

உள்ளே படம் எடுக்கக்கூடாது. திரை வெளிச்சம் தெரிந்தாலே பணியாளர் வந்து சொல்வார். ஊரிலிருந்து வந்தவர்கள் ஆசையாக அலைபேசியை உயர்த்துவார்கள், உட்காரும்போதே சொல்லிவைத்தால் அவர்களுக்குச் சங்கடம் வராது. சில நிகழ்ச்சிகளில் கடைசி வணக்கத்தின்போது மட்டும் அனுமதிப்பார்கள், அறிவிப்பைக் கேளுங்கள். சிம்ஃபனியில் ஒரு பகுதி முடிந்ததும் கைதட்ட மாட்டார்கள், முழுப் படைப்பும் முடிந்தபின்தான் தட்டுவார்கள். கர்நாடகக் கச்சேரியில் நம் வழக்கப்படியே, தனி ஆவர்த்தனம் முடிந்ததும் மனதாரத் தட்டலாம்.

திறந்தவெளி மேடைக்குப் போகும் நாளில் குடை எடுத்துக்கொள்ளுங்கள். கலா உற்சவ மாதமான நவம்பரில் இங்கேயும் மழை அதிகம். மின்னல் இருந்தால் நிகழ்ச்சி தள்ளிப்போகும்.

9. திரும்பும் நேரம்

மாலை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒன்பதரை, பத்துக்குள் முடிந்துவிடும். கடைசி ரயில் நள்ளிரவையொட்டி இருக்கும். பாதைக்குப் பாதை நேரம் வேறு. துவாஸ், உட்லண்ட்ஸ் பக்கம் தங்கியிருப்பவர்கள் ரயிலுக்குப் பின் பிடிக்கவேண்டிய பஸ்ஸின் கடைசி நேரத்தையும் பார்த்துவைக்க வேண்டும். ரயில் கிடைத்தும் பஸ் போய்விட்டால் அங்கிருந்து டாக்சிதான். டாக்சியில் மாலை நேரத்துக்கு மீட்டர் தொகையில் 25 விழுக்காடு கூடும், நள்ளிரவு தாண்டினால் 50 விழுக்காடு. நிகழ்ச்சி முடிந்த உடனே செயலியில் வாடகை வண்டி கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதால் விலை ஏறியிருக்கும்.

அவசரம் இல்லை என்றால் உடனே கிளம்பாதீர்கள். வெளியே வந்து நீர்முகப்பில் இடதுபுறம் வலதுபுறம் பாருங்கள், திறந்தவெளி மேடையில் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருக்கலாம். ஜூபிலி பாலத்தில் ஏறினால் 220 மீட்டரில் மெர்லயன் பக்கம் போய்விடலாம். அங்கிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையம் நடக்கும் தூரம். வடக்கு–தெற்குப் பாதையிலோ கிழக்கு–மேற்குப் பாதையிலோ போகிறவர்களுக்கு அதுவும் தோதான வழி.

போன நவம்பரில் அம்மா மறுபடியும் வந்தார். அந்தத் தடவை குழந்தையோடு வெளியே நின்றவள் நான். அம்மா உள்ளே ஏழாவது வரிசையில், நடுவில், சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்து வெளியே வந்தவர், பாலத்தின் பாதி வரை எதுவும் பேசவில்லை. அப்புறம், "வர்ணத்துல அந்தப் பொண்ணோட கால் எங்கயும் தப்பல" என்றார்.